மூன்றாம் பாகத்தில் அறுந்த கயிறு: யாழ்ப்பாணத்துக் கல்லுக்கிடங்கில் இரண்டு ஞாயிறுகள்

யாழ்ப்பாணத்தில் மலையேறப் பயிற்சி எடுத்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். குடாநாட்டில் மலை இல்லை என்பது எனக்கும் தெரியும். கீரிமலையில்கூட மலை இல்லை, குளிக்கக் கேணிதான் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிவை நான் சிரிப்புக்காக எழுதவில்லை. அது நடந்து பதினேழு நாளாகிவிட்டது. இன்னமும் கயிறு என்ற சொல்லை ஒரு தடவை அழித்துவிட்டுத்தான் மறுபடி எழுதுகிறேன். என்னைப் போல யாராவது ஒரு விசரி இதே வேலைக்கு இறங்கினால் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கதை ஆனி மாதத்தில் தொடங்குகிறது. வருகிற ஆவணியில் சுவிஸில் ஒரு பாறை முகட்டில் ஏறுவதாகத் திட்டம். என் பெரியம்மாவின் மகன் சுதன் அங்கே பேர்ன் நகரில் இருக்கிறான், பத்து வருடமாக அல்ப்ஸில் ஏறுகிறவன். நான் கொழும்பில் வேலை செய்கிறேன், வயது முப்பத்தெட்டு, இரண்டு வருடமாகச் செயற்கைச் சுவரில் ஏறிப் பழகியிருக்கிறேன். கூட்டிப்போகச் சம்மதித்த சுதன் ஒரு நிபந்தனை போட்டான். முகட்டில் இரண்டு பேரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஒருவர் தவறினால் மற்றவர் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

"நான் எண்பத்திரண்டு கிலோ, நீ ஐம்பத்தாறு," என்றான் தொலைபேசியில். "என்னை மாதிரிப் பாரமான ஒரு ஆள் விழேக்கை நீ பிடிச்சுக் காட்டு. சுவரிலை இல்லை, உண்மையான பாறையிலை. வீடியோ அனுப்பு. இல்லாட்டி நான் உன்னோடை ஒரு கயித்திலை வரமாட்டன்."

நியாயமான கதைதான். ஆனால் அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குக் கண்ணில் வெண்புரை ஒப்பரேஷன் வந்தது. இருந்த லீவு பதினைந்து நாளையும் நெல்லியடியில், அம்மாவோடு கழிக்க வேண்டும். மலைநாட்டுப் பக்கம் போய்ப் பழகலாம் என்ற யோசனை அதோடு போயிற்று. பாறை வேண்டும், பாரமான ஆள் வேண்டும், இரண்டும் குடாநாட்டுக்குள் வேண்டும். இதுதான் நிலைமை.

ஆள் முதலில் கிடைத்தார். ஸ்ரெல்லா என்னோடு உயர்தரம் படித்தவள், குருநகரில் இருக்கிறாள். அவளுடைய கணவர் றெஜி அண்ணை கடற்றொழில் செய்பவர். சொந்தமாக ஒரு வள்ளம், இரண்டு பிள்ளைகள், எண்பத்து நான்கு கிலோ. எண்பத்து நான்கு என்று கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து ஸ்ரெல்லா முகத்தைச் சுளித்தாள். "என்ரை மனிசனை இறைச்சிக்கடையிலை நிறுக்கிற மாதிரிக் கேக்கிறாய்," என்றாள்.

பாறையையும் றெஜி அண்ணைதான் பிடித்துத் தந்தார். காங்கேசன்துறைப் பக்கம் ஒரு தனியார் காணிக்குள், முன்பு சுண்ணாம்புக்கல் வெட்டிய பெரிய கிடங்கு ஒன்று இருக்கிறது. மூன்று பக்கம் செங்குத்துச் சுவர், ஒரு மூலையில் பச்சைத் தண்ணீர். நம் வீட்டுக் கிணறுகளுக்குள் எட்டிப் பார்த்தால் தெரிகிற அதே கல்தான், ஆனால் பதினேழு மீற்றர் உயரத்துக்கு. காணிக்காரர் அனுமதி தந்தார். "ஏறுங்கோ, எனக்கென்ன. ஆனா விழுந்து செத்தா என்ரை காணிக்குள்ளை செத்ததெண்டு ஒருத்தரிட்டையும் கதைக்கக்கூடாது," என்றார். அன்று அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு: நான் வெள்ளவத்தையில் இரவு எட்டரைக்குக் குளிர்சாதன பஸ் ஏறினேன், காலை ஆறு மணிக்கு முன்பே நெல்லியடிச் சந்தியில் இறங்கிவிட்டேன். சீற்றுக்கு 3,200 ரூபாய். நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் டவுனுக்கு 750ஆம் இலக்க பஸ், ஒரு மணி பத்து நிமிடம். டவுனிலிருந்து குருநகர் நடக்கிற தூரம். குருநகரிலிருந்து கிடங்குக்கு றெஜி அண்ணையின் மோட்டார்சைக்கிளில் இருபத்தொரு கிலோமீற்றர், ஐம்பது நிமிடம். பின்னால் நான், என் முதுகில் பை, பைக்குள் கயிறு.

அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது மீற்றர், செம்மஞ்சள் நிறம், மூன்று கிலோவுக்குச் சற்று மேல். சுதன் போன வருடம் ஆளிடம் கொடுத்தனுப்பியது. விழுகிற ஆளை வெட்டிப் பிடிக்காமல் கொஞ்சம் இழுபட்டு மெதுவாகத் தாங்குகிற நைலோன் கயிறு. பிள்ளையை வைத்திருப்பதுபோல வைத்திருந்தேன். வெயிலில் காய விடமாட்டேன், மிதிக்க விடமாட்டேன். கூடவே ஒரு நீள நைலோன் நாடா வளையம், இரும்புக் கொக்கிகள், இடுப்புப் பட்டிகள் இரண்டு, ஹெல்மெட் இரண்டு.

முதல் ஞாயிறு. கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, அதனால்தான் ஞாயிறு. றெஜி அண்ணை காலைப் பூசை முடித்து வந்தார், எட்டேகாலுக்குக் கிடங்கில் நின்றோம். சுவரில் ஆணி அடிக்கவில்லை, காணிக்காரர் விடவில்லை. ஆகவே சுற்றி நடந்து மேலே போய், அங்கே கிடந்த பழைய கொங்கிறீற் கட்டையில் நாடா வளையத்தைக் கட்டி, அதன் கொக்கிக்குள் கயிற்றைக் கோத்து, இரண்டு முனையையும் கீழே விட்டோம். ஒரு முனையில் ஏறுகிறவர். மற்றப் பக்கத்தைக் கீழே நிற்கிறவர் பிடிப்பார்.

நான் நாடாவைக் கட்டி முடித்ததும் றெஜி அண்ணை தன்னுடைய பையிலிருந்து நீல நிறப் பிளாஸ்ரிக் கயிறு ஒன்றை எடுத்தார். வள்ளத்து நங்கூரக் கயிறு, வெயிலில் வெளிறி நூல் நூலாகப் பிசிறியிருந்தது.

"உது எதுக்கு அண்ணை?"

"ஒண்டிலை தொங்கக்கூடாது, தங்கச்சி. கடலிலை நாங்கள் ஒண்டிலை நிக்கிறேல்லை."

"அண்ணை, இந்த நாடா இரண்டாயிரம் கிலோ தாங்கும். உது ஆடு கட்டுற கயிறு."

"இருக்கட்டும். என்ரை மனதுக்கு," என்றார், அதையும் கட்டையிலிருந்து அதே கொக்கிக்குக் கட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதை இந்தத் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்கள் அறிவார்கள்.

அன்று நான் நான்கு முறை ஏறினேன். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் பிடிக்க அருமையான கல். விரல் நுழைகிற பொந்துகள், பழைய சிப்பி ஓடுகள் பதிந்த விளிம்புகள். ஆனால் கூர், சரியான கூர். இரண்டு விரலில் தோல் போனது. கீழே றெஜி அண்ணை கயிறு பிடித்தார், ஒரு தடவை சொன்னதுதான், கை தானாகப் பழகிவிட்டது. சும்மாவா, பன்னிரண்டு வயதிலிருந்து கயிறு பிடிக்கிற கை. அடுத்த ஞாயிறு அவர் ஏறுவார், மேலேயிருந்து வேண்டுமென்றே கையை விடுவார், நான் பிடிப்பேன், ஸ்ரெல்லாவின் தொலைபேசியில் வீடியோ எடுப்போம் என்று முடிவு.

கயிற்றுப் பையை நான் குருநகரிலேயே விட்டுவிட்டு வந்தேன். காரணம், அம்மா. அம்மாவுக்கு நான் உடம்பு குறைக்க ஓடப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். இடுப்புப் பட்டியும் கொக்கியும் கண்ணில் பட்டால் அவ்வளவுதான், ஒப்பரேஷனை விட்டுவிட்டு என்னைப் பிடித்து உட்கார்ந்துவிடுவார். "பத்திரமா வைச்சிருங்கோ அண்ணை, இது என்ரை உயிர்," என்று றெஜி அண்ணையிடம் கொடுத்தேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் விளையாட்டாக எடுக்கவில்லை.

புதன்கிழமை அம்மாவின் கண் நல்லபடியாக முடிந்தது. மற்ற நாட்களில் முதுகுப்பையில் பன்னிரண்டு கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு, தெரிந்த ஒருவரின் மூன்று மாடிக் கட்டிடப் படிகளில் நாற்பது தடவை ஏறி இறங்கினேன். மலை இல்லாத ஊரில் காலுக்குப் பயிற்சி அப்படித்தான்.

இரண்டாவது ஞாயிறு. இனி நடந்ததை நேரத்தோடு எழுதுகிறேன், ஏனென்றால் அந்த நேரங்களை நான் மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

காலை ஏழரைக்குக் குருநகரில் பையை எடுத்தேன். அடியில் துணி இத்துப்போய் இரண்டு விரல் நுழைகிற ஓட்டை. "எடியே ஸ்ரெல்லா, உங்கடை வீட்டிலை எலி இருக்கு, என்ரை பையைக் கடிச்சுப்போட்டுது," என்று சத்தம் போட்டேன். "எங்கடை வீட்டிலை எலி இல்லை," என்று அவள் கோபமாகச் சொன்னாள். எலிதான் என்று நான் சாதித்தேன். இரண்டு பேரும் கொஞ்சம் முகம் கொடுக்காமல் பிரிந்தோம். பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போவதாக இருந்தவள் தன் தொலைபேசியைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

கிடங்கில் எட்டரை. ஏறுவதற்கு முன் கயிறு முழுவதையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மீற்றரும். இது ஏறப் பழகுகிற எவரும் முதல் நாளே கற்றுக்கொள்கிற விதி. முதல் ஞாயிறு பார்த்தேன். இரண்டாம் ஞாயிறு பார்க்கவில்லை. கயிறு எங்கே போனது, வீட்டில்தானே கிடந்தது என்று நினைத்தேன். ஓரிடத்தில் செம்மஞ்சள் நிறம் மங்கி மண்ணிறமாக இருந்ததைக் கண்ணால் கண்டேன். செம்பாட்டு மண் பட்டிருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கையில் எந்த முனை வந்ததோ அந்த முனையில் கட்டினேன், பதினேழு மீற்றர் ஏறினேன். மேலே போய், "விடுங்கோ அண்ணை" என்று இரண்டு கையையும் காற்றில் விரித்துக்கொண்டு தொங்கியபடி இறங்கினேன். இரண்டு தடவை.

ஏறுமுன், மேலே கட்டும்போது அன்றும் ஒரு சின்னச் சண்டை. றெஜி அண்ணை தன் நீலக் கயிற்றை என் நாடாவைவிடக் கட்டையாக, நீளம் குறைத்துக் கட்டிவிட்டார். அதனால் பாரம் முழுவதும் அதில் விழுந்தது, என் நாடா சும்மா தளர்ந்து கிடந்தது. "இரண்டிலையும் சமனாப் பாரம் வரவேணும் அண்ணை, உது பிழை," என்றேன். "மாத்திக் கட்டட்டோ?" என்று கேட்டார். வெயில் முகத்தில் சுள்ளென்று அடித்தது. "சரி, கிடக்கட்டும்," என்றுவிட்டேன்.

பத்தரைக்குச் சுவர் நெருப்பாகிவிட்டது. கயிற்றை இறக்கி நிழலில் சுருட்டி வைத்துவிட்டு, ஸ்ரெல்லா கட்டித் தந்த இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, ஒரு வேப்ப மரத்தின் கீழே படுத்தோம். மூன்று மணிக்குச் சுவரில் நிழல் வந்தது. மேலே போய்க் கயிற்றைக் கோத்தேன், இரண்டு முனையையும் கீழே விட்டேன். காலையில் கட்டிய முனை எது, மற்றது எது என்று பார்க்கவேயில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மூன்று இருபதுக்குக் கீழே நின்றோம். றெஜி அண்ணைக்கு இடுப்புப் பட்டியை மாட்டினேன். கிடங்கின் தரையில் ஒரு பழைய இரும்புத் தண்டவாளத் துண்டு நட்டபடி நிற்கிறது, அதில் என்னைக் கட்டிக்கொண்டேன், எண்பத்து நான்கு கிலோ விழும்போது ஐம்பத்தாறு கிலோ பறக்கக்கூடாது அல்லவா. திட்டம் இதுதான்: அவர் பத்து மீற்றர் ஏறுவார், நான் இரண்டு மீற்றர் கயிற்றைத் தளர விடுவேன், அவர் கையை விடுவார். தொலைபேசியை ஒரு கல்லில் சாய்த்து வைத்து வீடியோவைப் போட்டேன்.

"பொறும் தங்கச்சி," என்றார். "நான் குதிக்கிற கயித்தை நான் ஒருக்காப் பாக்கவேணும்."

"என்னத்தைப் பாக்கிறது? வீடியோ ஓடுது."

"ஓடட்டும். புதுக் கயிறெண்டாலும் பழங்கயிறெண்டாலும் இழுத்துப் பாக்காமல் நாங்கள் வள்ளம் இறக்கிறேல்லை."

என் பக்கத்து இரும்பிலேயே கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினார். தான் கட்டப்போகிற முனையிலிருந்து தொடங்கி, இரண்டு கையையும் விரித்து ஒரு பாகம் அளந்தார். அந்தத் துண்டைப் பிடித்து, ஒரு காலை இரும்பில் ஊன்றி, பின்னால் சாய்ந்து உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தார். விட்டார். அடுத்த பாகம். இழுத்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இரும்பில் உரசினால் கயிற்றின் மேலுறை கெட்டுப்போகும்.

"அண்ணை, இது மீன்பிடிக் கயிறில்லை! உப்பிடி இழுத்தா—"

மூன்றாம் பாகம். அவர் சாய்ந்தார். சத்தமே இல்லை. றெஜி அண்ணை அப்படியே பின்னால் போய்ப் பொத்தென்று விழுந்தார், கால் இரண்டும் மேலே. நான் சிரித்தேன். ஐயோ, சிரித்தேன்! வழுக்கிவிட்டார் என்று நினைத்தேன். வீடியோவில் அந்தச் சிரிப்பு இருக்கிறது. மூன்று வினாடி சிரிக்கிறேன், பிறகு நின்றுவிடுகிறது.

அவர் கையில் முனைப் பக்கத்துக் கயிறு இருந்தது. இரும்பில் மிச்சம் தொங்கியது.

இரண்டு முனையிலும் உள்ளே இருக்கிற வெள்ளை நூல்கள் துருத்திக்கொண்டு நின்றன. வெள்ளை என்று சொல்வதும் பிழை, பழுப்பு. நான் கிட்டப் போய் அந்த நூலைக் கிள்ளினேன். உதிர்ந்தது. ஒரு கார் தொங்கினாலும் அறாத கயிறு என் இரண்டு விரலுக்குள் தூளாக உதிர்ந்தது. என் காதுக்குள் கூ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது, வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தலையில் கையை வைத்துக்கொண்டு, "இல்லை, இல்லை, இல்லை" என்று ஒரு நிமிடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

அறுந்த இடம் முனையிலிருந்து ஏறக்குறைய ஐந்து மீற்றர். அவர் பத்து மீற்றரில் நின்று கையை விட்டிருந்தால், அந்த இடம் அவருடைய தலைக்கு மேலே சரியாகத் தொங்கியிருக்கும். கீழே வெட்டுக்கல். இரண்டு பிள்ளைகள். காலையில் நான் கட்டியது மற்ற முனை. பதினேழு மீற்றர் ஏறி இறங்க முப்பத்து நான்கு மீற்றர் கயிறுதான் ஓடும், மிச்சம் பதினாறு மீற்றர் தரையில் சும்மா கிடந்தது. உக்கின இடம் அந்தப் பதினாறுக்குள் இருந்தது. காலையில் இந்த முனை என் கையில் வந்திருந்தால் இந்தப் பதிவு இல்லை.

றெஜி அண்ணை எழும்பவேயில்லை. விழுந்த இடத்திலேயே இருந்து கயிற்றை மணந்து பார்த்தார், விரலால் தேய்த்தார். பையை இழுத்து, நான் எலி கடித்தது என்ற ஓட்டையைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன்.

"இது அசிட் தங்கச்சி."

"என்ன அசிட்?"

"பற்றறி அசிட். வள்ளத்திலை லைற் எரிக்கிற பற்றறி." அவர் பையைக் கீழே வைத்தார். "போன மாதம் கரையிலை இரண்டு கயிறு களவு போனது. நீர் உயிரெண்டு சொன்னீர். எங்கடை வீட்டிலை பூட்டுள்ளது அந்த ஒரு மரப்பெட்டிதான். பற்றறியும் அதுக்குள்ளைதான். பற்றறிக்குப் பக்கத்திலை வைச்சுப் பூட்டித் திறப்பை இடுப்பிலை கட்டிக்கொண்டு திரிஞ்சனான். ஒரு கிழமை."

நைலோனுக்கு அமிலம் ஆகாது. ஒழுகக்கூட வேண்டாம், ஆவி பட்டாலே போதும். வெளியில் பெரிதாக ஒன்றும் தெரியாது, உள்ளே உக்கிவிடும். இது எனக்குத் தெரியும். புத்தகத்தில் படித்து அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அவருக்கு எப்படித் தெரியும்? அவர்களுடைய பிளாஸ்ரிக் கயிறுகளை அமிலம் ஒன்றும் செய்வதில்லை, வருடக்கணக்காகப் பற்றறியோடுதான் கிடக்கின்றன. கயிற்றை எங்கே வைக்கக்கூடாது என்று சொல்ல வேண்டியவள் நான். "பத்திரமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தவளும் நான்.

"என்ரை கையாலை உம்மைச் சாக்காட்டியிருப்பன்," என்று அவர் அழுதார். நான் அவரை அந்தக் கயிற்றில் கட்டிக் குதிக்கச் சொன்னவள், என்னைப் பார்த்து அவர் அழுகிறார். எனக்கு வெட்கத்தில் நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். மேலே போய்க் கட்டியதைக் கழற்றினோம், நாடா, நீலக் கயிறு எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தேன், திரும்பியே பார்க்காமல் வந்தோம்.

ஸ்ரெல்லாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் குருநகர்ச் சந்தியில் வைத்து அவர் கேட்டார். நான் சொன்னேன். சொல்லாமல் அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்க என்னால் முடியாது. அவள் கத்துவாள், கையில் கிடைத்ததை எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் கையில் இருந்த தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தாள்.

"எத்தினை மணிக்கு?"

"மூண்டரை இருக்கும்."

"மூண்டரைக்கு நான் சின்னவளுக்கு ஐஸ்கிறீம் வேண்டிக் குடுத்துக்கொண்டு நிண்டனான்," என்றாள். பிறகு போய் அந்தப் பெட்டியைத் திறந்து, பற்றறியை இரண்டு கையாலும் தூக்கி முற்றத்தில் வைத்தாள். பெட்டியின் அடிப் பலகை ஈரமாக, கறுத்துப்போய் இருந்தது. எலி இல்லை.

சுதனுக்கு அன்றே வீடியோவை அனுப்பினேன். பிடித்துக் காட்டிய வீடியோ இல்லை, சிரித்த வீடியோ. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தொலைபேசி எடுத்தான். "அந்தக் கயித்தைத் துண்டு துண்டா வெட்டு. நல்ல பக்கமெண்டு ஒரு அடிகூட வைக்காதை," என்றான். "கயிறு இஞ்சை என்னட்டை இருக்கு. நீ வந்து முதல் நாள் முழுக்க அதைத் தடவிப் பார். பிறகு கதைப்பம்." வரவேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவனை நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

இனி, குடாநாட்டில் பாறை தேடுகிறவர்களுக்கு. ஆனி ஆடியில் காலை பத்து மணிக்குப் பிறகு கிடங்குக்குள் நிற்க முடியாது, கிழக்கு பார்த்த சுவரில் மூன்று மணிக்குப் பின் ஏறலாம். மாரியில் கிடங்கு நிறையத் தண்ணீர், போக வேண்டாம். காணிக்காரரின் அனுமதி இல்லாமல் எந்த வேலிக்குள்ளும் நுழைய வேண்டாம், சிவப்பு எச்சரிக்கைப் பலகை இருக்கிற பக்கம் எட்டியும் பார்க்க வேண்டாம். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். விரலுக்குப் பிளாஸ்ரர். கயிற்றை யாரிடமாவது கொடுத்தால் எங்கே வைக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். பற்றறி, மண்ணெண்ணெய், கழிவறை கழுவுகிற திரவம் இவற்றுக்குப் பக்கத்தில் கூடாது. திரும்பக் கையில் வாங்கும்போது அது எங்கே படுத்திருந்தது என்று கேளுங்கள். ஒரு கேள்வி, அவ்வளவுதான். எனக்கு அது வாயில் வரவில்லை. மற்றெல்லாம் வந்தது.

இன்னொன்று. கண்ணால் பார்த்தால் போதாது. கையால் பாருங்கள். இதை நான் கற்றுக்கொண்டது அடுத்த நாள் திங்கட்கிழமை, நெல்லியடி வீட்டில்.

காலை பத்து மணி இருக்கும். பையைக் கட்டிலில் கொட்டி, வெட்டி எறிய வேண்டியதைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கயிறு மட்டும்தான் கெட்டது, நல்ல காலம் மற்றதெல்லாம் தப்பியது என்பது என் எண்ணம். அம்மா முன்னறையில் இருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, கண்ணுக்கு விடுகிற மருந்தைத் தேடிக் கட்டிலைத் துழாவினார். கையில் என் நாடா வளையம் அகப்பட்டது. மேலே கொங்கிறீற் கட்டையில் கட்டுகிற, இரண்டாயிரம் கிலோ தாங்குகிற நாடா.

"இதென்னடி பிள்ளை," என்று விரலால் தடவினார். "இவ்வளவும் மெத்தெண்டு கிடக்கு, இஞ்சை மட்டும் கஞ்சி போட்ட சீலை மாதிரி மொறுமொறு எண்டு கிடக்கு?"

நான் பறித்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதே நிறம், அதே தையல். விரலால் தடவினேன். நான்கு விரல் நீளத்துக்கு மொறுமொறுத்தது. அதுவும் அதே பையில், ஒரு கிழமை, அதே பெட்டிக்குள் கிடந்ததுதானே. ஒரு பக்கத்தைக் காலால் மிதித்துக்கொண்டு மற்றப் பக்கத்தை இழுத்தேன். முதல் இழுவையில் நூல் விட்டது. இரண்டாவதில் என் கையோடு வந்துவிட்டது. நான் கட்டிலில் இருந்துவிட்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டப் பயிற்சி பொய் என்பதை, கிடங்கை, பதினேழு மீற்றரை, கையை விரித்துக்கொண்டு இறங்கியதை. அம்மா திட்டவில்லை. அறுந்த நாடாவை மடியில் வைத்து, நல்ல கண்ணைக் கிட்டக் கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தார்.

"உதிலையோ நீ தொங்கினனீ?"

ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் நீலக் கயிற்றின் அந்தக் கட்டையான முடிச்சு நினைவுக்கு வந்தது. நான் பிழை பிழை என்று ஏசிய முடிச்சு, வெயிலுக்குப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் மாற்றாமல் விட்ட முடிச்சு. இரண்டு தடவையும் என்னுடைய ஐம்பத்தாறு கிலோவும் எதில் இருந்தது என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

"இல்லை அம்மா," என்றேன். "ஆடு கட்டுற கயித்திலை."